பாலஸ்தீனரையும் ஃபிஜிக்காரரையும் ஒப்பிட்டு வருமானப் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூகத்துக்குச் சமூகம் வருமானத்தை ஒப்பிட்டுப் பட்டியல் தயாரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறேன். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் ஹேவர்ட் பக்கத்து ஃபிஜிக்காரர்கள் நிறையப் பேர், தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாலஸ்தீனக் குடும்பங்களும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் இந்த இரண்டு ஜனங்களையும் எதிரெதிரே நிறுத்தி, இவர்கள் வருமானம் இவ்வளவு, அவர்கள் வருமானம் இவ்வளவு, வறுமை இங்கே கூட, படிப்பு அங்கே கூட என்று நீங்கள் போட்டிருந்த ஒப்பீட்டை ஒருவர் என்னிடம் காட்டி, "இது சரியா?" என்று கேட்டார். எண்கள் அரசாங்கக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தவை, நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை என்றுதான் நம்புகிறேன். அப்படியிருந்தும் சரியில்லை என்றேன். ஏன் என்பதை உங்களிடமே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வருஷா வருஷம் நடத்தும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயில் எங்கே பிறந்தீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது, உங்கள் பூர்வீகம் எது என்று இன்னொரு கேள்வி, இனம் எது என்று வேறொரு கேள்வி. பிறந்த நாட்டை வைத்து அவர்கள் வெளியிடும் அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஓசியானியா பகுதியில் ஃபிஜிக்கென்று தனி வரி இருக்கிறது. மேற்கு ஆசியா பகுதியில் இஸ்ரேல், ஜோர்டான், லெபனான், குவைத், சவூதி, சிரியா எல்லாம் இருக்கின்றன, பாலஸ்தீனம் என்று ஒரு வரி கிடையாது. பூர்வீக அட்டவணையில் நிலைமை தலைகீழ்: அரபு என்ற தலைப்பின் கீழ் பாலஸ்தீனர் இருக்கிறார்கள், ஃபிஜி இல்லை, ஏனென்றால் ஃபிஜியை இனக் கேள்வியில் சேர்த்துவிட்டார்கள். ஆக, உங்களுக்குக் கிடைத்தது பூர்வீகத்தைச் சொன்ன பாலஸ்தீனர் ஒரு பக்கம், ஃபிஜியில் பிறந்து இங்கே வந்தவர் மறுபக்கம். இரண்டு வேறு கேள்விகளுக்கு வந்த பதில்கள் அவை. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு குடியேறிய சமூகங்களின் பொருளாதார நிலை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதனால் என்ன ஆகிறது? பாலஸ்தீனர் என்ற எண்ணுக்குள், முதல் உலகப்போருக்கு முன்னால் ரமல்லாவிலிருந்து துணிமூட்டை தூக்கி வியாபாரம் செய்ய வந்தவரின் கொள்ளுப்பேரன், இன்றைக்கு ஜாக்சன்வில்லில் பல் டாக்டராக இருந்தால், அவரும் வந்துவிடுகிறார். சென்ற வருஷம் கைக்குழந்தையோடு வந்து இறங்கிய பெண்ணும் வந்துவிடுகிறாள். ஃபிஜி எண்ணுக்குள் அப்படி வர வழியில்லை. வீட்டு வருமானத்தைக் குடும்பத் தலைவராகப் பெயர் எழுதிக்கொள்கிறவர் யாரோ அவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். ஃபிஜியிலிருந்து வந்த தம்பதிக்கு ஹேவர்டில் பிறந்த மகள் நர்ஸாகி, வீடு வாங்கி, அம்மா அப்பாவையும் கூட வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றால், அந்த வீடு உங்கள் ஃபிஜி வரியில் இருக்காது, ஏனென்றால் குடும்பத் தலைவி அமெரிக்காவில் பிறந்தவள். ஒரு பக்கம் நூறு வருஷத்துச் சேமிப்பும் உள்ளே, மறுபக்கம் முதல் தலைமுறை மட்டும் உள்ளே. இதை வைத்து யார் முன்னேறினார்கள் என்று பேசவே முடியாது.

பாலஸ்தீனர்களிலேயே எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு பெத்லகேம் வியாபாரிகள் ஆலிவ் மரச் சிலுவையும் முத்துச்சிப்பி வேலைப்பாடும் கொண்டுவந்து விற்றார்கள். அதற்குப் பிறகு ரமல்லா, அல்-பீரே, பைத்தீன், பைத் ஹனீனா என்று ஊர் ஊராகக் கிளம்பி வந்தார்கள். டெட்ராய்ட், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ என்று போய்ச் சேர்ந்த இடத்தில் முதலில் தலைச்சுமை வியாபாரம், அப்புறம் சின்னக் கடை, அப்புறம் பிள்ளைகளுக்குப் படிப்பு. ரமல்லாக்காரர்கள் 1959-லேயே தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு வைத்துவிட்டார்கள். 1948-இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வீடு நிலம் எல்லாவற்றையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள், 1967-இல் சுமார் 3 லட்சம் பேர். நிலம் போனவர்கள் எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரே சொத்து என்று பிள்ளைகளின் படிப்பில் உயிரைக் கொடுத்தார்கள். பலர் குவைத்துக்குப் போய் இன்ஜினீயராகவும் வாத்தியாராகவும் நன்றாகத்தான் இருந்தார்கள். 1990-91 வளைகுடாப் போரில் அங்கிருந்த ஏறத்தாழ 4 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களில் ஒரு சிறு பகுதி அமெரிக்கா வந்தது. அப்படி வந்தவர் குவைத்தில் பிறந்தவர், ஜோர்டான் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், பூர்வீகம் லித்தா பக்கத்து ஒரு கிராமம், அந்தக் கிராமம் இன்றைக்கு இல்லை. பிறந்த நாட்டுக் கணக்கில் அவர் குவைத்துக்காரர். பூர்வீகக் கேள்வியில் அரபு என்று மட்டும் எழுதியிருந்தால் பாலஸ்தீனர் கணக்கிலும் இல்லை. இவரை எந்த வரியில் தேடுவீர்கள்?

ஃபிஜி கதை வேறு. 1879 மே 14-ஆம் தேதி லியோனிடாஸ் என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1916 வரை 60,000 பேருக்கு மேல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஆள் எடுத்தார்கள், மொத்தத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நம் பக்கத்து ஜனங்கள். என்னிடம் வரும் ஃபிஜிக்காரர்களில் கவுண்டர், பிள்ளை, முதலியார், நாயுடு என்று முடியும் பெயர்கள் சாதாரணம். தமிழ் பேசுகிறவர் அபூர்வம், பேச்செல்லாம் ஃபிஜி ஹிந்தி. ஆனால் நாந்தியில் 1926-இல் ஆரம்பித்த தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை வரும். இந்த ஃபிஜி இந்தியர்களோடு, அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான இதௌக்கே மக்களும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்கள் வந்த வழி வேறு, செய்யும் வேலை வேறு, ஊரில் அவர்களுக்கு இருக்கும் நில உரிமையும் வேறு. உங்கள் பட்டியலில் எல்லாரும் ஒரே ஃபிஜி.

நில உரிமை என்றேனே, அதுதான் இவர்கள் இங்கே வந்ததற்கு வேர். ஃபிஜியில் சுமார் 87 சதவீத நிலம் பூர்வகுடிகளின் கூட்டுச் சொத்து, விற்க முடியாது. ஒரு காலத்தில் மொத்த ஜனத்தொகையில் பாதியாக இருந்த இந்தியர்களில் பெரும்பாலான விவசாயிகள் குத்தகை நிலத்தில்தான் கரும்பு போட்டார்கள். 1976 குத்தகைச் சட்டம் 30 வருஷம் கொடுத்தது. 1997-லிருந்து அந்தக் குத்தகைகள் ஒவ்வொன்றாக முடிய ஆரம்பித்தன. தாத்தா கட்டிய வீடு, அப்பா வைத்த மாமரம், எல்லாம் அடுத்தவர் நிலத்தில். புதுப்பிக்காவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான். அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 1987 மே 14-ஆம் தேதி, கப்பல் வந்து இறங்கிய அதே தேதியில், இந்தியர் ஆதரவோடு அமைந்த அரசை எதிர்த்து ரபூக்கா என்ற ராணுவ அதிகாரி புரட்சி செய்தார், செப்டம்பரில் இன்னொரு முறை. அந்த ஒரே வருஷத்தில் ஃபிஜி டாலரின் மதிப்பையும் இரண்டு தடவை குறைத்தார்கள். வீட்டை விற்று, கடையை விற்றுக் கிளம்பியவர்கள் கையில் இருந்த பணம் அமெரிக்க டாலராக மாறும்போது எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2000 மே மாதம் ஜார்ஜ் ஸ்பெய்ட் என்பவர் ஆயுதக் கும்பலோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமர் மகேந்திர சவுத்ரியையும் மற்றவர்களையும் வாரக்கணக்கில் பிணையாக வைத்தபோது இன்னொரு அலை கிளம்பியது. 1986-இல் கிட்டத்தட்ட 49 சதவீதமாக இருந்த இந்தியர், 2007 கணக்கெடுப்பில் 37.5 சதவீதம். படித்த வாத்தியார், கணக்காளர், நர்ஸ் இவர்களில் பெரும்பகுதி, படிப்புக்கும் அனுபவத்துக்கும் புள்ளி போட்டு விசா தரும் முறையில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள். அமெரிக்காவுக்கு வந்தவர்களில் அதிகம் பேர் சொந்தக்காரர் ஸ்பான்சர் செய்தோ, குடியேற்ற விசாவுக்கு அமெரிக்கா நடத்திய குலுக்கலிலோ வந்தவர்கள், ஹேவர்ட், மோடெஸ்டோ, சாக்ரமெண்டோ என்று ஒருவர் பின்னால் ஒருவராகக் குடி வந்தவர்கள்.

அந்த விசாக் குலுக்கலிலேயே ஒரு வித்தியாசம் இருந்தது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபிஜியில் பிறந்தவருக்கு ஓசியானியா ஒதுக்கீடு, போட்டிக்கு ஆள் குறைவு. காஸாவில் பிறந்தவரை எகிப்து கணக்கிலும், மேற்குக் கரையில் பிறந்தவரை ஜோர்டான் கணக்கிலும் சேர்த்தார்கள். எகிப்திலிருந்து விண்ணப்பிக்கும் கூட்டத்தோடு முட்டிமோதித்தான் காஸாக்காரர் வர வேண்டியிருந்தது. குலுக்கலுக்குப் பள்ளிப்படிப்பு போதுமாக இருந்தது, அதனால் உழைக்கும் வர்க்கத்துக்கு அது ஒரு வாசலாக இருந்தது. அந்த வாசல் ஒரு கூட்டத்துக்கு அகலமாகவும் இன்னொரு கூட்டத்துக்குக் குறுகலாகவும் இருந்தது. படிப்பில் யார் உசத்தி என்று நீங்கள் போடும் சதவீதத்தில் இந்த வாசலின் அகலமும் கலந்திருக்கிறது.

சரி, இப்போது வருமானத்துக்கு வருகிறேன், என் தொழில் அது.

ஃபிஜிக் குடும்பம் ஒன்று வரி எழுத வந்தால் ஒரே முகவரி போட்ட டபிள்யூ-2 படிவங்கள், அதாவது வேலை கொடுத்தவர் தரும் வருஷச் சம்பளக் கணக்கு, ஐந்து மேசைக்கு வரும். அப்பா விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவர். அம்மா முதியோர் பராமரிப்பு. மூத்த மகன் லாரி ஓட்டுகிறான், மருமகள் மருந்துக்கடையில் உதவியாளர், கல்யாணமாகாத சித்தப்பா கிடங்கில் இரவு ஷிப்ட். எனக்கு இவை மூன்று நான்கு தனித்தனி வரிக் கணக்குகள். கணக்கெடுப்புக்கு ஒரே வீடு, ஒரே வருமானம். ஐந்தையும் கூட்டினால் அந்தத் தெருவிலேயே வசதியான வீடு மாதிரித் தெரியும். அந்த வீட்டில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், இரண்டு படுக்கையறைக்கு மேலே கராஜையும் அறையாக மாற்றியிருக்கிறார்கள் என்பது நடுமட்ட வீட்டு வருமானம் என்ற எண்ணில் தெரியாது. தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் போட்டால் படம் அப்படியே மாறிவிடும். அந்தத் தகவலும் அதே சர்வேயில்தான் இருக்கிறது, நீங்கள் எடுத்துப் போடவில்லை.

பாலஸ்தீனக் கடைக்காரர் வந்தால் வேறு மாதிரி. அவருக்கு டபிள்யூ-2 இல்லை. அட்டைப்பெட்டி நிறைய ரசீது, சரக்கு வாங்கிய பில், லாட்டரி மெஷின் கணக்கு, வாடகை, இன்சூரன்ஸ். எல்லாம் கழித்து நிற்பதுதான் வருமானம். காலை ஏழுக்குத் திறந்து இரவு பதினொன்றுக்குச் சாத்துகிற கடை அது, கல்லாவுக்கு முன்னால் தடித்த கண்ணாடி, கண்ணாடியில் உணவு உதவி அட்டை ஏற்கப்படும் என்ற ஸ்டிக்கர். மதியம் மனைவி நிற்பார். பள்ளி விட்டு வந்த பையன் கல்லாவுக்குப் பின்னால் பால் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான், இடையில் எழுந்து குளிர்பானத்தை அடுக்குவான். மூன்று பேர் உழைப்பு, ஒருவர் பெயரில் வருமானம். மூன்று பேரின் மணிநேரத்தையும் போட்டு வகுத்தால் மணிக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், அந்த மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கடை என்னுடையது, யாரும் என்னை வேலையை விட்டு அனுப்ப முடியாது" என்றார். அது உண்மையும்கூட. நாடே கையை விட்டுப் போனவருக்கு அந்தப் பாதுகாப்பின் விலை என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த வருமானத்தையும், மாதச் சம்பளக்காரரின் வருமானத்தையும் ஒரே மாதிரி எண்ணாகப் போடுவது தவறு.

பராமரிப்பு வேலை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஃபிஜிப் பெண்களில் எத்தனையோ பேர் இதைத்தான் செய்கிறார்கள், இந்தியரும் சரி, இதௌக்கேயும் சரி. சாதாரணத் தெருவில் சாதாரண வீடு, உள்ளே ஆறு முதியவர்கள், ஒரு பராமரிப்பாளர், சில இடங்களில் இரண்டு. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். ஞாபக மறதி நோய் உள்ளவர் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போவார். அவர்களுக்கு நடுவே ஹாலில் மடக்குக் கட்டிலில் படுத்திருக்கும் இந்தப் பெண்ணுக்கு, நாளொன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிய சம்பளம். இருபத்துநாலு மணி நேரமும் அங்கேதான் இருக்கிறார், சம்பளச் சீட்டில் எட்டு மணி நேரம் என்று இருக்கும். ஒரு அம்மாவின் சீட்டைப் பார்த்துவிட்டு, இது சட்டப்படி தப்பு, கூடுதல் நேரத்துக்குப் பணம் வர வேண்டும், மாநிலத் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம் என்றேன். "வேண்டாம்பா, அவங்கதான் என் தங்கச்சிக்கும் வேலை போட்டுக் கொடுத்தாங்க" என்று ஹிந்தியில் சொன்னார், நான் அதை அப்படியே தமிழில் எழுதுகிறேன். கலிபோர்னியத் தொழிலாளர் துறை இப்படிப்பட்ட இல்லங்கள் மீது ஊதியத் திருட்டுக்காக நடவடிக்கை எடுத்திருக்கிறது, பெரிய தொகைகளைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிட்டிருக்கிறது. ஆனாலும் புகார் கொடுக்காதவர்கள்தான் அதிகம். உங்கள் பட்டியலில் ஃபிஜிக்காரர்களிடையே வேலையின்மை குறைவு என்று ஒரு வரி இருந்தது. அந்தக் குறைவுக்குள் இந்த அம்மாவின் இரவுகள் இருக்கின்றன.

கல்வி உதவி, அரசாங்க ஒப்பந்தம் போன்றவற்றில், படிவத்தில் டிக் அடிக்கும் இனப் பெட்டிகள் எப்படி விளையாடுகின்றன என்பதையும் பாருங்கள். பின்தங்கியவர்களின் சிறு தொழில்களுக்கு அரசாங்க ஒப்பந்தம் கிடைக்க உதவும், அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகத்தின் 8(ஏ) என்ற திட்டத்தில், சமூக ரீதியாகப் பின்தங்கியவர் என்று தானாகவே ஏற்றுக்கொள்ளும் பிரிவுகளின் பட்டியலில் ஃபிஜி பெயர் சொல்லியே இருந்தது. பாலஸ்தீனருக்கு அந்த இடம் இல்லை, அவர் தனக்கு நேர்ந்த பாகுபாட்டைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. 2023-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் தானியங்கி அனுமானத்தை நிறுத்தும் வரை இதுதான் நிலை. காரணம் பழையது. 1915-இல் சிரியாவிலிருந்து வந்த ஒருவரின் குடியுரிமை வழக்கில் அவர் வெள்ளையர்தான் என்று தீர்ப்பானது. அந்த வழியில்தான் பின்னாளில் அரபு மக்கள் எல்லாரும் அரசாங்கக் கணக்கில் வெள்ளையர் ஆனார்கள். 2024 மார்ச்சில்தான் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று தனிப் பிரிவு சேர்க்க முடிவு செய்தார்கள். விமான நிலையத்தில் தனியாக அழைத்துச் சோதனை போடும்போது வெள்ளையராக இல்லாதவர், கடன் உதவி கேட்கும்போது வெள்ளையராக ஆகிவிடுகிறார் என்று ஒரு பாலஸ்தீனப் பெண் என்னிடம் குமுறியிருக்கிறார்.

ஃபிஜிக்காரருக்கு வேறு குழப்பம். 2020 கணக்கெடுப்புப் படிவத்தில் மற்ற பசிபிக் தீவினர் என்ற பெட்டிக்குக் கீழே உதாரணமாகக் கொடுத்திருந்த பெயர்களில் ஃபிஜியும் ஒன்று. ஆசிய இந்தியர் என்ற பெட்டி தனியாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு கவுண்டர் வீட்டில் அம்மா பசிபிக் தீவினரில் ஃபிஜி என்று எழுதுகிறார், மகள் ஆசிய இந்தியர் பெட்டியில் டிக் அடிக்கிறாள். மகளின் சம்பளம் இந்திய ஐடி ஊழியர்களின் சம்பளக் குவியலுக்குள் போய்விடுகிறது, அம்மாவின் சம்பளம் பசிபிக் தீவினர் கணக்குக்கு. அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்தான் வருமானத்தில் முதலிடம் என்று நம் தமிழ் ஆட்கள் பெருமையாக அனுப்பிக்கொள்ளும் படத்துக்கும் இதே கோளாறு உண்டு. அந்தப் படத்துக்குள் ஃபிஜியின் லம்பாசா ஊர்க் கரும்புக் காட்டிலிருந்து வந்த குடும்பம் கரைந்துபோய்விடுகிறது.

வந்த பணம் எங்கே போகிறது என்பதும் பொருளாதார நிலைதானே? வெளிநாட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்று அந்த சர்வே கேட்பதில்லை. ஃபிஜிக்காரர் அனுப்பும் பணம் ஊரில் அக்காவின் கைப்பேசியில் எம்-பைசா கணக்கில் சில நிமிஷத்தில் விழுந்துவிடும். ஃபிஜிக்கு இப்படி வரும் பணம் 2022-லேயே 100 கோடி ஃபிஜி டாலரைத் தாண்டிவிட்டது, சர்க்கரையை விடப் பெரிய வருமானம். 2026 ஜனவரியிலிருந்து ரொக்கம் கட்டி அனுப்பினால் அமெரிக்காவில் 1 சதவீத வரி வேறு வந்திருக்கிறது, அதைச் சமாளிக்கலாம். காஸாவுக்கு அனுப்புகிறவரின் நிலை என்ன? 2023 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் இடிந்துபோய், புதிதாக நோட்டு உள்ளே வராமல், கையில் ரொக்கம் வைத்திருக்கும் தரகரிடம்தான் மாற்ற வேண்டியிருந்தது. நூற்றுக்கு 30, 40 வரை கமிஷன் பிடித்தார்கள். இங்கே 500 டாலர் அனுப்பினால் அங்கே 300 டாலர்தான் கையில், அதிலும் மாவு வாங்கப் போனால் விலை பல மடங்கு. அண்ணன் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கடைக்காரர் ஒருவர் அவசரத்துக்கு ஓய்வூதியச் சேமிப்பை உடைத்தார், முன்கூட்டியே எடுத்ததற்கு 10 சதவீத அபராதமும் கட்டினார். அந்த வரிக் கணக்கை எழுதியவன் நான். வரிக் கணக்கில் அந்த வருஷம் அவர் வருமானம் முந்தின வருஷத்தைவிட மேலேதான் இருக்கும், ஏனென்றால் உடைத்த சேமிப்பும் அந்த வருஷத்து வருமானமாகத்தான் காட்டப்படும்.

மேற்குக் கரைக்குப் போகும் பணம் வீடாகிறது. துர்முஸ் அய்யா என்ற கிராமத்தில் பெரும்பாலானவர்கள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள். இங்கே கடையில் நின்று சம்பாதித்ததை அங்கே பளிங்கு வீடாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், கோடை விடுமுறைக்குப் போவார்கள். 2023 ஜூனில் இஸ்ரேலியக் குடியேறிகள் கும்பலாகப் புகுந்து அந்த ஊரில் வீடுகளையும் கார்களையும் கொளுத்தினார்கள். முப்பது வருஷச் சேமிப்பு அப்படி எரிந்தால் அது எந்தப் பட்டியலில் நஷ்டமாக வரும்? இன்னொன்று, ஊரில் தங்கும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளவே பணமும் நேரமும் செலவு செய்ய வேண்டும். 1967 முதல் 1994 வரை வெளிநாடு போய்த் திரும்பாத மேற்குக் கரைப் பாலஸ்தீனர் ஏறத்தாழ 1,40,000 பேரின் வசிப்புரிமையை இஸ்ரேல் ரத்து செய்தது. ஃபிஜி 2009-லிருந்து இரட்டைக் குடியுரிமை தருகிறது. ஓய்வு பெற்றபின் நாந்திக்கோ லௌட்டோகாவுக்கோ போய், சோஷியல் செக்யூரிட்டிப் பணத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்று என்னிடம் வரும் ஃபிஜிக்காரர்கள் சிலர் கணக்குப் போடுகிறார்கள். புரட்சி நடந்த நாட்டின் மேல் பயம் இன்னும் இருந்தாலும், போகிற வழி திறந்திருக்கிறது. பாலஸ்தீனக் கடைக்காரர் ஓய்வு பற்றியே பேசுவதில்லை. திரும்பிப் போக இடம் இருக்கிறவரின் ஒரு டாலரும் இல்லாதவரின் ஒரு டாலரும் வேறு வேறு வேலை செய்கின்றன.

இவ்வளவும் சொன்னதால் ஒப்பிடவே கூடாது என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நிலத்தை இழந்தவர்களும், நிலம் ஒருபோதும் சொந்தமாகாதவர்களும் மூன்றாவது ஒரு நாட்டில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது நல்ல கேள்வி. ஒருவர் கடைக்குப் போகிறார், மற்றவர் சம்பளத்துக்குப் போகிறார், ஏன் என்று கேட்டால் நிறையத் தெரிந்துகொள்ளலாம். உறவினரிடம் வட்டியில்லாக் கைமாற்று வாங்கிக் கடை பிடிப்பது பாலஸ்தீனருக்கு எப்படிச் சாத்தியமாயிற்று, ஐந்து சம்பளத்தைச் சேர்த்து வீடு வாங்குவது ஃபிஜிக்காரருக்கு எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேளுங்கள். அதற்கு அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது செய்யக்கூடியதுதான். கணக்கெடுப்புத் துறை பொதுமக்களுக்குத் தரும் நுண்தரவுக் கோப்பில் பூர்வீகம், பிறந்த இடம், வந்த வருஷம், வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, சம்பளமா சொந்தத் தொழிலா, எல்லாம் ஆள் ஆளாக இருக்கிறது. பாலஸ்தீனப் பூர்வீகம் சொன்னவர்களில் வெளிநாட்டில் பிறந்தவர்களை மட்டும் பிரித்தெடுங்கள், அவர்களை ஃபிஜியில் பிறந்தவர்களோடு வையுங்கள். அதிலும் 1990-க்கு முன் வந்தவர், பின் வந்தவர் என்று பிரியுங்கள். ஃபிஜியில் பிறந்தவர்களை இனக் கேள்வியின் பதிலை வைத்து இந்தியர், இதௌக்கே என்று முடிந்தவரை தனியாகக் காட்டுங்கள். வீட்டு வருமானத்துக்குப் பக்கத்திலேயே தலைக்கு எவ்வளவு, சம்பாதிக்கிறவருக்கு எவ்வளவு என்று போடுங்கள். கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு எண்ணோடும் கூட்டல் கழித்தல் குறி போட்டுப் பிழை வரம்பு கொடுக்கிறது, வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளில்தான் கேட்கிறார்கள், இப்படிச் சின்ன சமூகங்களுக்கு அந்த வரம்பு பெரிதாகவே இருக்கும். அதை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துத் தரவரிசை போடுவதை நிறுத்துங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் பிழை வரம்புக்குள் இருந்தால், வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது என்று எழுதுங்கள்.

கணக்கெடுப்புத் துறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் ஒன்று: பிறந்த இடத்தின் அட்டவணையில் பாலஸ்தீனத்துக்கு ஒரு வரி கொடுங்கள். காஸாவில் பிறந்தவரும் நாப்லுஸில் பிறந்தவரும் மேற்கு ஆசியாவின் இதர பகுதிகள் என்ற வரியில் போய் விழ வேண்டியதில்லை.

இந்தப் பிரிப்புகளைச் செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் கூட உட்கார்ந்து செய்யத் தயாராக இருக்கிறேன், என்னோடு வர இரண்டு மூன்று கணக்காளர்களும் இருக்கிறார்கள். செய்ய முடியாத பட்சத்தில், இந்த ஒரு ஒப்பீட்டையாவது எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஹேவர்ட் பக்கத்திலிருந்து ஒரு வரிக் கணக்காளர்